பிரிட்ஜுக்குக் கால் முளைத்த பாட்டு

யோசு துறைமுகத்தில் சொக் தல்சுவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். நீர்க்காகங்கள் பேஸ்பால் அணியின் கேட்ச்சர். பந்து எறிகிறவனுக்கு எதிரே குந்தியிருந்து, வருகிற இடியையெல்லாம் கையுறையில் வாங்கிக்கொள்கிற வேலை. மட்டையைக் கையில் கொடுத்தாலும் ஆள் கில்லாடி. ஒரே ஒரு குறைதான். மனுஷனுக்கு ஓட வராது. பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொட வேண்டிய முதல் முனையான முதல் பேஸுக்கு அவர் கிளம்பினால், பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அந்த ஊரில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ரசிகர்கள் தனிப்பாட்டு கட்டி வைத்திருப்பார்கள். ஒருவன் புயல், ஒருவன் வேங்கை, ஒருவன் பீரங்கி. தல்சுவுக்குக் கிடைத்தது இது:

வர்றாரு வர்றாரு, தல்சு வர்றாரு,
பிரிட்ஜுக்குக் கால் முளைச்சு பொடிநடையா வர்றாரு!
சோறும் ஆறிப் போச்சு, சூப்பும் ஆறிப் போச்சு,
மெதுவா வா தல்சு, ஆனா வந்து சேரு!

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. அவர் ஓடத் தொடங்கினால் பாட்டு ஆரம்பிக்கும். அவர் வந்து சேரும் வரை நிறுத்தக் கூடாது. பேஸில் கால் பட வேண்டும், இல்லை அவுட்டாகித் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். அதுவரைக்கும் தொண்டை கிழிந்தாலும் பாடியாக வேண்டும். பாடிப் பாடியே அந்த ஊரில் பாதிப் பேருக்குக் குரல் கரகரத்துப் போயிருந்தது.

தல்சுவுக்கு இந்தப் பாட்டென்றால் உயிர். குளிக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பார். அவர் மனைவி மிரானுக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அரங்கத்துக்குப் பின்தெருவில் அவள் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். சுருட்டை போட்டுக்கொள்ள வரும் பெண்கள், தலையில் உருளைகளோடு உட்கார்ந்துகொண்டு, "என்ன மிரான், வீட்டுல பிரிட்ஜ் நல்லா ஓடுதா?" என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

ஒரு நாள் பொறுக்கவில்லை. ஐந்தாறு வருஷம் முந்தி, இடுப்பில் கட்டிய கடைத்துணியைக்கூட அவிழ்க்காமல், கையில் சீப்போடு நேரே அரங்கத்துக்குப் போனாள். ஆட்டம் நடக்கிறது. ரசிகர்களைப் பாடவைக்கும் கோஷத் தலைவன் போம்கு மேடையில் குதித்துக்கொண்டிருக்கிறான். அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என் புருஷனைப் பிரிட்ஜுங்கறதுக்கு நீ யாருடா? உன் மூஞ்சியை என்னைக்காவது கண்ணாடியில பாத்திருக்கியா? வாஷிங் மெஷினுக்கு வாய் முளைச்ச மாதிரி இருக்கே!"

"அண்ணி, அண்ணி! ஆசையில பாடறதுதான் அண்ணி!"

"ஆசையா? இனி ஒரு தடவை என் காதுல விழுந்துச்சு, உன் தலையை மொட்டை அடிச்சு அனுப்பிருவேன். எனக்கு அது தொழில்!"

அரங்கமே பார்த்தது. மறுநாள் தல்சு போம்குவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாட்டுக்குப் பாடுடா. அது நின்னா எனக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டார். பாடினார்கள். மிரான் அரங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதையே விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று. ஆட்டம் நடக்கும் நாளில், பனிக்காலக் குளிர் முழுதாய் விடாத மார்ச்சில்கூட, அவள் கடை ஜன்னல் திறந்தே இருக்கும். முடி சாயத்தின் நெடி போவதற்காம். பாட்டு கேட்டால் அவர் அடித்துவிட்டார் என்று அர்த்தம். பாட்டு நின்றால் வந்து சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் அவள் கத்தரி மறுபடி அசையும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தல்சுவிடம்கூட.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஆட்டமில்லாத நாள். தல்சு இரண்டு கிண்ணம் நூடுல்ஸும் ஒரு தட்டு கடுகுக்கீரைக் கிம்ச்சி ஊறுகாயும் சாப்பிட்டார். "கொஞ்சம் கண்ணசர்றேன், எழுப்பு" என்று சொல்லிப் படுத்தார். மிரான் எழுப்பினாள். எழுப்பிக்கொண்டே இருந்தாள். இதயம் நின்று போயிருந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயதுகூட முடியவில்லை.

சாவு வீட்டில் அவள் அழுதாள், வந்தவர்களுக்கெல்லாம் மாட்டுக்கறிச் சூப்பு ஊற்றினாள், எல்லாம் முறைப்படி செய்தாள். பிறகு கடையைத் திறந்தாள். பழக்கம் போல ஜன்னலையும் திறந்தாள். அணி வெளியூர்களில் ஆடிக்கொண்டிருந்ததால் அரங்கம் மூடிக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். ஒரே ஒரு தடவை. வேறெதுவும் வேண்டாம்.

இதற்கிடையில் கிளப்பின் மேலாளர் கறுப்பு டையோடு கடைக்கு வந்தார். ஞாயிறு மதியம் ஊர் அரங்கத்தில் முதல் ஆட்டம், தல்சு நினைவாக. அவள் வந்து உட்கார வேண்டும்.

"உங்களுக்கு ஏதாவது ஆசை இருந்தா சொல்லுங்க மேடம், எதுவானாலும் செஞ்சிடறோம்."

மிரான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பாட்டைப் பத்திக் கவலையே வேண்டாம். உங்க மனசு நோகக்கூடாதுன்னு போம்குவும் பசங்களும் சத்தியமே பண்ணிட்டாங்க. இனி அந்த அரங்கத்துல அது கேக்கவே கேக்காது."

"நல்லது," என்றாள் மிரான். வேறென்ன சொல்வாள்?

மேலாளர் போனதும் அவள் தங்கை மிசொன், கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? வேணும்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுடீ கேக்கறது? ஊரே பாக்கச் சட்டையைப் பிடிச்சவ நான்."

"சட்டையைப் பிடிக்க வெக்கமில்ல, பாட்டைக் கேக்கத்தான் வெக்கமா?"

"வாயை மூடிட்டு முடியைக் கூட்டு."

ஞாயிறு வந்தது. முன்வரிசையில், கோஷ மேடைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் தல்சுவின் சட்டை, அதன்மேல் கையுறை. அந்த நாற்காலிக்கு முன்னால் யாரோ ஒரு பெட்டி வறுத்த கோழியும் பீரும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். போம்கு அவள் கண்ணில் படாமல் முரசுக்குப் பின்னால் பதுங்கினான். புயலுக்கு அவன் பாட்டு, வேங்கைக்கு அவன் பாட்டு, எல்லாம் பாடினார்கள், கொஞ்சம் அடக்கமாக. அவள் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்கலாமா, வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்து வந்து போயிற்று. பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

தல்சுவின் முறையில் இப்போது ஹோகியோல் என்கிற புதிய கேட்ச்சர் மட்டை பிடித்தான். புதியவனுக்கு இன்னும் பாட்டுக் கட்டவில்லை. அதனால் அரங்கம் சும்மா இருந்தது. முதல் இரண்டு முறை பந்து மட்டையிலேயே படவில்லை. மூன்றாம் முறை எப்படியோ பட்டது. தரையோடு உருண்டு ஓடியது. ஹோகியோல் ஓடினான்.

முரசுக்காரன் சாங்தேயின் கை இத்தனை வருஷம் பழகிய கை. கேட்ச்சர் ஓடுகிறான், கை சும்மா இருக்குமா? டம் டம் டடம் என்று அது தன் பாட்டுக்கு அடித்துவிட்டது. முரசு கேட்டால் வாய்கள் சும்மா இருக்குமா?

"வர்றாரு வர்றாரு, தல்சு வர்றாரு! பிரிட்ஜுக்குக் கால்..."

கால் என்ற இடத்தில் எல்லாருக்கும் உறைத்தது. அத்தனை வாயும் ஒன்றாக மூடிக்கொண்டது. சாங்தே குச்சிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். போம்கு இரண்டு கையாலும் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். அரங்கம் முழுக்கத் திரும்பி மிரானைப் பார்த்தது.

மிரான் எழுந்தாள். மேடையை நோக்கி நடந்தாள்.

"அண்ணி, கை தவறிப் போச்சு அண்ணி, அடிக்கறதுன்னா என்னை அடிங்க," என்றான் சாங்தே.

"வேணும்னு பண்ணல அண்ணி, சத்தியமா..." என்று போம்கு பின்வாங்கினான்.

"ஏன்டா நிறுத்தினீங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"பாதியில நிறுத்தறதா? அவரு நடு வழியில நிக்கறாரு! பாடுங்கடா!" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் தொடங்காததால், தானே தொடங்கினாள். சுருதி என்ற ஒன்று அந்தக் குரலில் துளியும் இல்லை. "பிரிட்ஜுக்குக் கால் முளைச்சு பொடிநடையா வர்றாரு..."

அவ்வளவுதான், அரங்கம் பிளந்துகொண்டது. பாடினார்கள். அழுதவர்களும் பாடினார்கள், சிரித்தவர்களும் பாடினார்கள். எதிர்ப்பக்கம் எதிரணியான தேகு ஊர் ரசிகர்களும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். எத்தனை முறை கேட்டுத் தொலைத்திருப்பார்கள், வார்த்தை தெரியாமலா இருக்கும்! ஹோகியோல் முதல் பேஸை எப்போதோ தொட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அடுத்து ஆட வேண்டியவன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனும் பாடினான். நடுவர் குனிந்து, மட்டைக்காரன் நிற்கிற இடத்தில் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தளத்தை ஒரு சின்னப் பிரஷ்ஷால் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

மிரானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கன்னம் நனைந்ததை அவள் துடைக்கவில்லை. இவ்வளவு பேர் கூடி அவரைக் கேலி செய்கிறார்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள்.

பாட்டு ஒரு சுற்று முடிந்தது, இரண்டு, மூன்று, அதற்கும் மேல். ஆட்டம் நடக்க வேண்டுமே. போம்கு மெதுவாகக் கையை உயர்த்தி, போதும் என்று சாங்தேக்குச் சைகை காட்டினான்.

மிரான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சட்டம் தெரியாதாடா உனக்கு? அவரு இன்னும் வந்து சேரலையே."

போம்கு அவளைப் பார்த்தான். பிறகு சாங்தேயைப் பார்த்துத் தலையாட்டினான். முரசு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கியது.