விசிறிக்குக் காற்று வேண்டாமா

என் அறுபத்தெட்டு வயதில் ஒரே ஒரு முறை உண்மை பேசியிருக்கிறேன். அதைக் கேட்ட அதிர்ச்சியில் குற்றாலம் பேரருவி அரை நிமிடம் விழ மறந்து அந்தரத்தில் நின்றது.

போன ஆடிச் சாரலில்தான். நானும் என் மனைவி ஜாஹிரா பீவியும் இலத்தூரிலிருந்து குளிக்கப் போயிருந்தோம். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது கிங்ஸ்லி வந்தான். உவரிக்காரன், மீன்பிடிக்கிறவன். ஏழு சாரலாக என் துபாய்க் கதைகளுக்கு வாய் பிளப்பவன். அங்கே படகு மோட்டார் கடையில் இருபது வருடம் நான்தான் தலைமை மெக்கானிக். நான் தும்மினால் ஷேக்குகள் கப்பலையே நிறுத்துவார்கள். இதெல்லாம் சொல்லும்போது ஜாஹிரா பஜ்ஜியைத்தான் பார்ப்பாள்.

"அண்ணாச்சி, உங்களத்தான் தேடுதேன்" என்று கைபேசியை நீட்டினான். இதுவரை அடுத்தவர் படகில் போனவன், முதல் சொந்தப் படகு வாங்கியிருக்கிறான். படத்தில் இரண்டு மோட்டார். ஒன்றின் தண்டு நீளம், மற்றது குட்டை.

"குட்டைதாம்லே. கனம் கம்மி. பாக்கவும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு."

"நம்ம படகுக்கு மோட்டார மாட்டுத பின்பலகை உசரம்லா? அலையில ஏறும்போது அடியில உள்ள விசிறி தண்ணிய விட்டு வெளிய வந்துராதா?"

"வரட்டுமே. விசிறின்னா காத்து வேண்டாமா?"

விழுந்து விழுந்து சிரித்தான். நான் கிண்டல் செய்கிறேனாம். சிரித்தபடியே மோட்டார் கடைக்காரரைக் கைபேசியில் கூப்பிட்டுக் குட்டையைச் சொன்னான். ஸ்பீக்கரில் அவர் தயங்கினார். "விசிறி தண்ணிக்குள்ள இல்லேன்னா எதத் தள்ளிப் படகு ஓடும்? நடுக்கடல்ல நின்னுரும் தம்பி."

"துபாய் மெக்கானிக்கே சொல்லிட்டாக. வெள்ளிக்கிழமை நானும் என் தம்பியும் கடலுக்குப் போணும்."

ஜாஹிரா முதல்முறையாக என்னைப் பார்த்தாள். உடம்பில் இருந்ததோ ஒற்றைத் துண்டு. ஊர் முழுக்கச் சேர்ந்து அதையும் உருவியதுபோல் கூசிப்போனேன்.

"ஏலே, போன வைக்காத. எனக்கு மோட்டாரப் பத்தி ஒரு எழவும் தெரியாது. அந்தக் கடையில நான் டீ போட்டேன். அவ்வளவுதான்."

"பெரியவுக தன்னடக்கத்தப் பாத்தீயளா!" என்று கடைக்காரரிடம் பெருமைப்பட்டான் கிங்ஸ்லி.

அல்லா மேல் ஆணை என்றேன். அதற்கும் சிரித்தான். ஏழு வருடப் பொய்யை மென்று விழுங்கியவனுக்கு ஒரு வாய் உண்மை இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் ஜாஹிரா பக்கம் திரும்பினேன். முப்பத்தைந்து வருடமாக என் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நம்பாதவள். அவளிடம் கையெடுத்துக் கும்பிட வேண்டியதாயிற்று.

அவள் பஜ்ஜித் தாளை நிதானமாகக் கசக்கினாள்.

"நீளத்தையே சொல்லு தம்பி. எங்க அண்ணன் துபாய்ல அந்தக் கடைக்கே போய்ப் பாத்துட்டு அப்பவே வந்து சொல்லிட்டாக. இத்தன வருசமும் நான் வாயத் தொறக்கல. இவுக இன்னைக்குச் சொன்னது நெசந்தான். டீதான் போட்டாக."