சொந்தப் பாரம்

கண்டியில் அந்தப் பொறியியல் அலுவலகத்தில் பயிலுநர்கள் இரண்டு பேர். நிரந்தர வேலையோ ஒன்று.

"வெள்ளிக்கிழமை ரெண்டு பேரோட கட்டட மாடலையும் கம்பியூட்டர்ல பார்ப்பேன். சரியாச் செஞ்சவங்க இருக்கலாம். மத்தவங்க குடைய எடுத்துக்கிட்டுப் போகலாம்," என்று அலுவலகப் பொறுப்பாளர் இராமநாதன் சேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

நிரோஷினி வகுப்புக்குப் போய், கட்டடம் தாங்குமா என்று கணக்கிடும் அந்த மென்பொருளைக் கற்றவள். கலகெதர ஊரிலிருந்து வரும் ஆஸிகாவுக்கு அது புதிது; ஆனால் சொன்னதைக் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டாள். அதுதான் நிரோஷினிக்குப் பயம்.

செவ்வாயன்று ஆஸிகா கதிரையை இழுத்து அருகே போட்டாள்.

"நிரோ, தூண், பீம், ஸ்லாப் எல்லாம் வரைஞ்சிட்டேன். கட்டடத்துட சொந்தப் பாரத்த அதுவே எடுத்துக்குமா, நான் போடணுமா?"

போட வேண்டும். போடாவிட்டால் கணினிக்கு அந்தக் கட்டடம் வெறும் காகிதம். மேலே நிற்கும் ஆட்களையும் அலுமாரிகளையும் மட்டுமே அது கணக்கில் எடுக்கும்.

"தானா எடுத்துக்கும்டி. நீயும் போட்டா ரெண்டு தரம் கூடிரும்," என்றாள் நிரோஷினி, கண் இமைக்காமல்.

"அல்லாஹ், நல்ல வேள கேட்டேன்!"

வெள்ளி காலை ஆஸிகா ஒரு பெட்டி தொதல் இனிப்போடு வந்தாள்.

"தின்னு. இன்டைக்கு எங்கட வீட்டு மேல்மாடி ஸ்லாப்புக்குக் கொங்கிரீட் போடுறாங்க. எல்லாம் ஒன்னாலதான்."

"என்னாலயா?"

"நீ சொல்லித் தந்த மாதிரியே எங்கட வீட்டையும் போட்டுப் பாத்தேன். மேசன் கேட்ட இரும்புக் கம்பில பாதி போதும்ண்டு வந்திச்சு. எங்கட மகள்ட டிசைன்ண்டு வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

நிரோஷினி தொதலை ஒரு கடி கடித்தாள். இப்போதே உண்மையைச் சொன்னால் கொங்கிரீட்டை நிறுத்தலாம். ஆனால் வேலை கைவிட்டுப் போகும்.

"நல்லா இனிக்குது," என்றாள்.

பின்னேரம் சேர் ஆஸிகாவின் மாடலைத் திறந்தார்.

"ஏம்மா, மூணு மாடிக்கும் அத்திவாரத்துல இவ்வளவுதான் பாரமா? எதால கட்டினீங்க, பஞ்சாலயா?"

அலுவலகமே சிரித்தது.

"சொந்தப் பாரம் எங்க?"

"அது… தானா எடுத்துக்கும்ண்டு…"

"யாரு சொன்னது?"

ஆஸிகா திரும்பிப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குற? நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்றாள் நிரோஷினி.

ஆஸிகா ஃபோனை எடுத்தாள்.

"வாப்பா, கொங்கிரீட்ட நிப்பாட்டுங்க!"

"முடிஞ்சிச்சே மகள்! எல்லாரும் சோறு தின்றாங்க." வாப்பாவின் குரல் பக்கத்து மேசைவரை கேட்டது.

"முட்டுக் கம்பு ஒன்டையும் கழட்ட வேணாம் வாப்பா… அந்த ஸ்லாப்ப ஒடைக்கணும்."

இப்போது வாப்பாவின் குரல் தாழ்ந்தது. "நீதானே மகள் சரிண்டு சொன்ன?"

ஆஸிகா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நீங்க ஆஸிகாவோட கதிரைக்கு மாறுங்க நிரோஷினி. வெளிச்சம் நல்லா இருக்கும்," என்ற சேர், மேசையில் கிடந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். "தொதல் யாரோடது?"

"என்னோடதுதான் சேர். எடுங்க."