சந்தேகக்கார மெஷின்

அஸ்ஃபர் ஒன்பது வருடம் கனடாவில் வீடுவீடாகப் போய், வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸ் பழுதுபார்த்தவன். பனிக்காலமெல்லாம் யார் யாருடைய நிலவறைகளிலோ முழங்கால் போட்டுக் கிடந்தான். கடைசியில் வதிவிட அனுமதி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்டிக்குப் பக்கத்தில் சொந்த ஊரான மடவளைக்கு வந்து சின்னக் கடை போட்டு, காஸ் அடுப்புகளுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். கண்டியில் யாருக்கு வேண்டும் ஃபர்னஸ்? ஊரார் அவனுக்குக் ‘கனடா’ என்று பட்டப்பெயர் வைத்ததுதான் மிச்சம்.

அவனுடைய தங்கை ரிப்காவின் கணவன் பாயிஸ் ஹாட்வெயார் கடைக்காரன். ஹந்தானை மலைச் சரிவில் வீடு கட்டினான். ஊரில் எவனிடமும் இல்லாதது ஒன்று தன் வீட்டில் இல்லாவிட்டால் பாயிஸுக்குச் சோறு இறங்காது. கனடாவிலிருந்து கொள்கலனில் பழைய சாமான் இறக்கியபோது ஒரு ஃபர்னஸும் வந்தது. அதை வீட்டில் பொருத்திப் பூட்டியே தீருவது என்று நின்றான். மார்கழி, தையில் அங்கே குளிர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு கம்பளிக்கு அடங்காத குளிர் ஒன்றும் இல்லை.

அஸ்ஃபருக்கு அது பெருநாள் வந்த மாதிரி. சிலிண்டர் காஸுக்கு ஏற்றபடி துளைகளை மாற்றி, குழாய்க்குச் சரிவு பார்த்து, புகை வெளியே போக வழி வைத்து, பத்து நாள் இருந்து பூட்டிக் கொடுத்தான். பாயிஸ் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதும் அவன்தான்.

“இதைப் போல சந்தேகக்கார மெஷின் உலகத்துல இல்ல,” என்பான்.

உண்மைதான். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் குளிர்கிறது என்று சொன்னாலும் அது உடனே நெருப்பு மூட்டாது. முதலில் சின்ன விசிறி ஒன்று சுழன்று, உள்ளே நிற்கும் காற்றை வெளியே தள்ளும். குழாய் வழியாகக் காற்று உண்மையிலேயே போகிறதா என்று ஒரு சுவிட்ச் பார்க்கும். போகவில்லையென்றால் அத்தோடு சரி, மெஷின் நின்றுவிடும். போனால்தான் காஸ் திறக்கும், நெருப்புப் பற்றும். பற்றியதா என்று நெருப்புக்குள்ளே நீட்டிய ஒரு கம்பி பார்க்கும். சில விநாடிக்குள் பற்றாவிட்டால் காஸை மூடிவிடும். எரிந்த காற்று இரும்புப் பெட்டிக்குள்ளேயே சுற்றி வெளியே போக, பெட்டிக்கு மேலால் பெரிய விசிறி ஊதும் சுத்தமான காற்றுத்தான் சூடேறி அறைகளுக்கு வரும். இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மணமும் நிறமும் இல்லாத ஒரு நஞ்சு வீட்டுக்குள் வரும். பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு, கார்பன் மோனொக்சைட், என்று எல்லாரும் படித்துப் பரீட்சையோடு மறந்தது அதுதான்.

மெஷினை வைத்தது குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில். ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஜெயராணியின் கட்டில். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து, அந்தக் குடும்பத்துக்கு ஏழு வருடமாகச் சமைத்துப் போடுகிறவள். புருஷன் செத்து இரண்டு வருடம். அவளுக்கு வேறு அறை கொடுக்கும்படி அஸ்ஃபர் ஒரு தடவை சொன்னான். “வேற எங்க?” என்றான் பாயிஸ். ஏழு படுக்கையறை இருந்த வீடு அது.

அந்த நஞ்சுக் காற்றை அறிந்து கத்தும் அலாரம் ஒன்றையும் அஸ்ஃபர் குசினிச் சுவரில் மாட்டியிருந்தான். வியாழன் பொழுதுபட்டதும், வெள்ளி இரவு தொடங்கிவிட்டது என்று, ரிப்கா சட்டியில் கரி மூட்டிச் சாம்பிராணி போடுவாள். அலாரம் வீடே அதிரக் கத்தும். கரி எரிந்தாலும் அதே காற்றுத்தான் வரும், அலாரம் பொய் சொல்லவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. “வெள்ளி ராவும் அதுவுமா சாம்பிராணிக்குக் கத்துற சாமான் வீட்டுக்கு ஆகாது நானா,” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பெற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டாள்.

அடுத்த கைங்கரியம் பாயிஸுடையது. புகைக்குழாயிலிருந்து வெள்ளை ஆவி வீட்டு முன்பக்கம் கிளம்பியது. சோற்றுக்கடை மாதிரி இருக்கிறதாம். மகள் மின்ஹாவை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்கு முந்திய நாள், யாரிடமும் கேட்காமல் குழாய் வேலை செய்யும் பாஸ் ஒருவனைக் கூட்டிவந்து குழாயை வெட்டி, நாலு முழங்கைத் துண்டு போட்டு வளைத்து, பின்பக்கம் திருப்பிவிட்டான். பாஸ் மூட்டுக்கு ஒழுங்காகப் பசைகூடப் பூசவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து குளிர்பானம் குடிக்கிற நேரம் பார்த்து மெஷின் நின்றது. மூட்டினால் நின்றது; திரும்பவும் நின்றது. அத்தனை வளைவில் காற்று எப்படிப் போகும்? சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்தது.

“எங்கட கனடா மச்சான் பூட்டின சாமான்,” என்றான் பாயிஸ் சபை நடுவே. “அவனையே திருப்பி அனுப்பின நாடு, இதைமட்டும் சும்மாவா அனுப்பும்.”

சபை சிரித்தது. அஸ்ஃபருக்கு உச்சந்தலை வரை சுட்டது. சாமான் அறைக்குப் போய், அந்தச் சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து முடிச்சுப் போட்டான். சுவிட்ச் என்ன சொன்னாலும் இனி மெஷினுக்குக் கேட்காது. ஒன்பது வருடத்தில் அவன் ஒருமுறைகூடச் செய்யாத வேலை. அப்படிச் செய்த ஒருவனை வேலையை விட்டே துரத்தியதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். நாளைக்கே வந்து குழாயைச் சரிபண்ணிவிட்டுக் கம்பியை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

நெருப்புப் பற்றியது. சம்பந்தம் பேசி முடிந்தது. வாசல்வரை வந்து அஸ்ஃபரின் தோளில் கைபோட்டு அனுப்பினான் பாயிஸ். மறுநாள் அஸ்ஃபர் போன் எடுத்து, குழாயைச் சரிபண்ண வரவா என்று கேட்டபோது, “நல்லா ஓடுது, கைவெக்காத,” என்றான். அந்த ஒரு புகழ்ச்சி அஸ்ஃபருக்குப் போதுமாக இருந்தது. அவனும் கைவைக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிப்கா சாப்பிடக் கூப்பிட்டாள். தேத்தண்ணியை அவளே கொண்டுவந்தாள்.

“ஜெயராணி எங்க?”

“அவளை அனுப்பிட்டன்.” ரிப்கா குரலைத் தாழ்த்தினாள். “காலையில எழும்பினா சத்தி, ஓங்காளம், தலைசுத்து. மாப்புள மௌத்தாகி ரெண்டு வருஷம். எனக்கென்ன கண்ணில்லையா நானா?”

“டொக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டின. ஒண்டுமில்லையெண்டு சொன்னார். அதுக்குள்ள வயித்தைக் கலைச்சிருப்பா. ரெண்டு ஞாயித்துக்கு ஒருக்கா ஊருக்குப் போவா. அங்க போனா சொகமாம், இங்க வந்து படுத்தெழும்பினா திரும்பத் தொடங்கும். அந்த அறையிலதான் தலைசுத்துதெண்டு கதை வேற. அவட அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான். விஷயத்தை அவன்ட முகத்துக்கே சொன்ன.”

அங்கே போனால் சுகம். இங்கே படுத்தெழும்பினால் நோய். கனடாவில் பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்த அடையாளம். அஸ்ஃபர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தான். மோட்டார் சைக்கிள் பையிலிருந்து அந்த நஞ்சுக் காற்றை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போய், மெஷினை ஓடவிட்டு, ஜெயராணியின் வெறும் கட்டிலில் அதை வைத்துவிட்டுக் கதவடியில் நின்றான். கருவியில் எண் ஏறியது: இருபது. நாற்பத்தைந்து. எழுபது. நூற்றுப் பதினெட்டில் காஸை அடைத்தான். அவன் வேலை செய்த இடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டினாலே வீட்டாரை வெளியேற்றிவிட்டுத்தான் மறுவேலை. விடியப்புறத்தில் மேல்மாடியில் படுத்திருக்கிறவர்களுக்காக மெஷின் ஓட, பசையில்லாத மூட்டால் கசிந்தது முழுவதும் பலகை இடுக்கு வழியாக ஜெயராணியின் மூக்குக்கு வந்திருக்கிறது. செத்துப்போகாமல் எழும்பியதே பெரிய காரியம்.

கம்பியைப் பிடுங்கி எடுத்தான்.

சாப்பாட்டு மேசைக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னான், கம்பியையும் சேர்த்து. ரிப்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பாவம் என்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது ஒரு நிமிஷத்துப் பாவம்.

“இப்ப என்ன செய்ற? நான் எல்லாருக்கும் சொல்லிட்டனே,” என்றாள்.

“இல்லையெண்டு திருப்பிச் சொல்லு. அவகிட்டப் போய் மாப்புக் கேளு.”

பாயிஸ் கையைக் கழுவி, துடைத்து, கதிரையில் சாய்ந்தான். “கம்பி போட்டது யாரு?”

“நான்தான்,” என்றான் அஸ்ஃபர்.

“அப்ப பேசாம இரி. பொலிஸ் வந்தா முதல்ல உன்னைத்தான் தூக்கும். மின்ஹாட கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்.”

திங்கட்கிழமை அஸ்ஃபர் கடையைத் திறக்கவில்லை. பஸ்ஸில் கம்பளைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏறினான். வழிநெடுக ஒத்திகை பார்த்தான்: நான்தான் செய்தேன், என்னை மன்னித்துவிடு. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க, அது அவ்வளவு கஷ்டமில்லை என்றுகூடத் தோன்றியது.

லயத்து வாசலில் ஜெயராணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைசுற்று எதுவும் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவனைக் கண்டும் அவள் எழுந்து உள்ளே போகவில்லை; அண்ணி அவளைக் குசினிக்குள் விடுவதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அவளுடைய அண்ணன் பழனியாண்டி வெளியே வந்தான். கொழுந்துச் சாக்குத் தூக்கித் தூக்கித் திரண்ட தோள். முகம் கொடுக்கவில்லை.

“என்னாங்க, இன்னும் என்னா மிச்சம் வச்சிருக்கீங்க சொல்றதுக்கு?”

அஸ்ஃபர் நின்றபடியே சொன்னான். அது காஸ் நோய். தங்கச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை. கருவி கையிலேயே இருக்கிறது, நேற்றுத்தான் அளந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னான். அதுவரை நன்றாகத்தான் வந்தது.

“அம்புட்டு நல்ல மெஷின்னு சொன்னாங்களே. பூட்டுனதும் நீங்கதானாமே. எப்பிடிக் கசிஞ்சிச்சு?” என்று கேட்டான் பழனியாண்டி. “யாராச்சும் கைவச்சாங்களா?”

பழனியாண்டியின் கைகளை அஸ்ஃபர் பார்த்தான்.

“மெஷின் பழுதாப் போச்சு,” என்றான். “பழைய சாமான்தானே.”

பழனியாண்டி தங்கையைப் பார்க்க முடியாமல், உள்ளே இருந்த மனைவியிடம் திரும்பி, “தேத்தண்ணி ஊத்துடி,” என்றான். “தங்கச்சிக்கும் ஊத்து.” அந்த மனிதன் அழுதுவிடுவான் போலிருந்தது. வந்தவனுக்குக் கதிரை எடுத்துப் போட்டார்கள். இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி என்று கும்பிட்டார்கள். அஸ்ஃபர் அந்தத் தேத்தண்ணியையும் குடித்தான்.

ரோட்டுவரை வழியனுப்ப ஜெயராணி வந்தாள். ஓட்டோ வரக் காத்திருந்தார்கள்.

“அந்தக் கம்பிய எடுத்துட்டீங்களா நானா?” என்றாள்.

“எந்தக் கம்பி?”

“விருந்தாளுங்க வந்த அன்னிக்கு முடிச்சுப் போட்டீங்களே. நான்தானங்க டோர்ச் புடிச்சேன்.”

அஸ்ஃபர் யோசித்துப் பார்த்தான். அந்த இருட்டறையில் யாரோ வெளிச்சம் காட்டினார்கள், அது நிஜம். யார் என்று அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“இதப் போட்டா ஒண்ணும் ஆகாதான்னுகூடக் கேட்டேன். நாளைக்கு வந்து எடுத்துருவேன்னு சொன்னீங்க.”

“ஜெயராணி, நான்...” ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. “அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்கள அடிச்சிருவாரு. அடிச்சா பொலிசு அவரத்தான் கொண்டு போகும்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஓட்டோ வந்தது. அவள் நிற்காமல் லயத்தை நோக்கி மேலே ஏறிப் போனாள்.