ஆம் போடாத கட்டுரை

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். அணைக்கப் பொத்தான் கிடையாது என்பது அவன் கண்டுபிடிப்பு.

பல்கலைக்கழகத்தில் உலக மதங்கள் பற்றிப் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் மதத்தை விளக்க ஆரம்பித்துவிட்டாள். மாடி வீட்டுக்காரரைப் படியில் மடக்கி, அவர் ஏன் நோன்பு இருக்கிறார் என்று அவருக்கே சொன்னாள். பாவம், மனிதர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்படியா?" என்றார்.

இப்படிப்பட்டவளின் முதல் கட்டுரை வகுப்பில் திரும்பி வந்தபோது பச்சை பென்சில் வட்டங்களாக இருந்தது. உங்கள் வீட்டு மதம் இல்லாத ஒரு வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்பதுதான் வேலை. ரேடியோ போனது டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒரு அறைக்கு. அங்கே கூடுகிறவர்கள் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய வழிபாடு.

"ஒரு பத்தி படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்," என்றார் பேராசிரியர்.

ரேடியோ படித்தாள். "இவர்களுக்குக் குருவே கிடையாதாம். சும்மா உட்கார்ந்திருந்தால் உள்ளே ஒரு குரல் கேட்குமாம். கேட்டவர் எழுந்து அதைச் சொல்வாராம். யாருக்கும் கேட்காவிட்டால் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்களாம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரேடியோவும் சிரித்தாள்.

"அவங்க ஜோக் எதுவும் சொல்லலையே. அப்புறம் சிரிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"தெரியலையே மேடம்."

"உன் ஆம்லேர்ந்து வந்துச்சு. கேட்குமாம், சொல்வாராம், போய்விடுவார்களாம். ஒவ்வொரு ஆமும் ஒரு கண்ணடிப்பு. அவங்க சொல்றாங்கப்பா, எனக்கென்ன தெரியும்னு நீ நைசா நழுவுற."

"எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் மேடம் பேசுவோம்."

"வீட்ல தாராளமா பேசு. இங்க, பார்த்தத பார்த்த மாதிரி எழுது. கேட்டத, சொன்னவங்க வாயாலயே சொல்ல விடு. எழுதி முடிச்சதும் அந்த இடத்தப் பத்தித் தெரியாத ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டிட்டுக் கொண்டா."

வீட்டில் தாராளமாகப் பேசு என்று சொல்லிவிட்டார். வீடே அந்த ஓர் ஆமில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். டயர் கடை மாடியில் உட்காருகிறவர்களில் ரேடியோவின் அண்ணனும் ஒருவன். லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில் ஒருநாள், இனிமேல் வீட்டுப் பிரார்த்தனைக்கு உட்காரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னான். ஏன் என்றதற்கு, "இங்க ஒரே இரைச்சலா இருக்கும்மா, அங்க அமைதியா இருக்கு," என்றான். அம்மாதான் தினமும் காலையில் பாடுவார். மூன்றாம் மாடிவரை கேட்கும். "அப்போ இத்தன வருஷமா நான் பாடினது உனக்கு இரைச்சலா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள், விடிந்ததிலிருந்து கடகடக்கும் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரமே அவன் கூட வேலை செய்கிறவர்களின் அறைக்குக் குடிபோய்விட்டான். அன்றிலிருந்து அம்மா காலையில் பாடுவதும் இல்லை.

அதற்குப்பின் அம்மாவும் மகனும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் ரேடியோ வழியாகத்தான். "அண்ணனுக்கு இருமலாம்மா." "மருந்து குடிச்சானாமா?" "அம்மாவுக்கு முழங்கால் வலியாம்ணா." "டாக்டர்கிட்ட போனாங்களாமா?" இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விட்டது. இதே போக்கில் போனால் ஆயுசுக்கும் இப்படியே ஓட்டிவிடுவார்களோ என்று ரேடியோவுக்கு அவ்வப்போது பயம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி டயர் கடை மாடிக்குப் போனாள். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலோரம் டீ பிளாஸ்க். கீழேயிருந்து காற்றடிக்கும் சத்தம் விட்டு விட்டு வந்தது. பேசாமல் இருப்பது ரேடியோவுக்குத் தண்டனை. ஆனால் வாயை மூடியதும் கண் தானாகத் திறந்துகொண்டது. யார் எங்கே பார்க்கிறார்கள், யார் காலை ஆட்டுகிறார்கள், யார் லேசாகக் குறட்டை விடுகிறார்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். அன்று யாருமே எழுந்து எதுவும் சொல்லவில்லை.

டீ குடிக்கும்போது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உனக்கு அந்தக் குரல் கேட்டிருக்காண்ணா?"

"இதுவரைக்கும் இல்ல."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்ற?"

"நாளெல்லாம் மோட்டார் சத்தத்துல நிக்கிறேன். இங்க வந்தாத்தான், உள்ள என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியுது. சில நேரம் ஒண்ணும் ஓடல. அதுவும் நல்லாத்தான் இருக்கு." டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அம்மா முழங்கால் எப்படி இருக்காம்?" என்றான்.

ரேடியோ வழக்கம்போல் வாயைத் திறந்தாள். பச்சை வட்டங்கள் கண்முன் வந்தன. மூடிக்கொண்டாள்.

"இனிமே ஆம் போடக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்கண்ணா."

"முழங்காலுக்குமா?"

"எல்லாத்துக்கும். நீயே கேளு."

"நான் கூப்பிட்டா போனை வெச்சிடுவாங்க."

"வெச்சிடுவாங்களாமா? யார் சொன்னது?"

அண்ணன் டம்ளரை இன்னொரு தடவை கழுவினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கட்டுரை தயார். தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமே! வீட்டுக்குக் கீழே, துணி திருத்தித் தைக்கும் அம்மாவின் கடைக்குப் போனாள். அம்மா கழுத்தில் அளவு டேப், வாயில் இரண்டு குண்டூசி, மடியில் யாருடைய பாவாடையோ.

குண்டூசிகளை எடுத்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு இருமல் எப்படி இருக்காம்?"

"ஆம் போட மாட்டேன்மா. கட்டுரை மார்க் போயிடும்."

"உன் அண்ணன் இருமலுக்கும் உன் மார்க்குக்கும் என்னடி சம்பந்தம்? இதுக்கா ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சேன்?"

"கட்டுரைய கேளும்மா. பார்த்தத அப்படியே எழுதியிருக்கேன்."

"காலி சுவத்தப் பார்த்துக்கிட்டு உட்கார்றவங்களப் பத்தி என்னத்த எழுதுவியாம்," என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் மெஷினை மிதிக்கவில்லை.

ரேடியோ படித்தாள். நாற்காலிகள், டயர் கடைச் சத்தம், தூங்கிப்போன பெரியவர், எல்லாம் வந்தன. பிறகு, "என் எதிரே இருந்தவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு முறை இருமினார். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். இருமியவருடைய பேண்ட்டின் வலது கால் மடிப்பு பிரிந்திருந்தது. அதை மூன்று ஸ்டேப்ளர் பின் போட்டு நிறுத்தியிருந்தார். இங்கே வருவது பற்றிக் கேட்டபோது, 'உள்ள என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியுது' என்றார்."

"நிறுத்து," என்றார் அம்மா. "என்ன பின்னு?"

"ஸ்டேப்ளர் பின்."

"பேண்ட்டுக்கா?"

"ஆமாம்மா."

"அந்தச் சாம்பல் கலர் பேண்ட்டா?"

"ஆமா."

அம்மா பாவாடையை ஓரமாக வைத்தார். ஊர் முழுக்க மனிதர்களின் கால் மடிப்பைத் தைத்துக் கொடுக்கிறவர். அவர் முகம் சிவந்து, உதடு ஒரு பக்கமாகக் கோணி, அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று ரேடியோவால் சொல்ல முடியவில்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம்: அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார், போனை எடுத்தார், மகனைக் கூப்பிட்டார்.

"ஏன்டா," என்றார். ஹலோ கிடையாது, நலமா கிடையாது. "பேண்ட்டுக்கு ஸ்டேப்ளர் அடிச்சிருக்கியாமே?"

அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னானோ, அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னது? என் மெஷின் இரைச்சலா? பாட்டு இல்லையா? அத அன்னிக்கே வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன... சரி, நான் மிதிச்சேன், ஒத்துக்கறேன். ... அதெல்லாம் பாடத்தான் செய்வேன். நீ வந்தா கொஞ்சம் மெதுவா பாடறேன், போதுமா? ... முழங்கால் அப்படியேதான் இருக்கு. நீ மொதல்ல இருமாம பேசு."

ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். யாரும் சொல்லாமலேயே.

போனை வைத்துவிட்டு அம்மா மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை அங்க உட்கார்ந்து முடிச்சிட்டு, நேரா இங்க வர்றான்."

ரேடியோ காத்திருந்தாள். கடைசியில் ஆம் வரவே இல்லை. வர்றான். அவ்வளவுதான்.

"அம்மா, அந்த ஸ்டேப்ளர் வரி கட்டுரையில இருக்கட்டுமா, எடுத்திடட்டுமா?"

அம்மா சாம்பல் நிற நூல்கண்டைத் தேடி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும், நீ பார்த்ததுதானே. சீக்கிரமா கொண்டுபோய்க் கொடுத்திடு. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அது பொய்யாயிடும்."