அறுபத்தொன்றாம் நம்பர் கட்டில்

இன்சூரன்ஸ்காரன் சிரித்தால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். என் மாப்பிள்ளையே இன்சூரன்ஸ்காரன் ஆனது என் தலைவிதி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டும் என்றான். முதலாவது ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுமாம். துணை பாலிசி, படுத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நம் கையில் கொடுக்குமாம், வீட்டில் நின்றுபோன கூலிக்கு ஈடாக. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ஸ்டூலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மொத்தம் அறுபது கட்டில், அறுபதிலும் ஆள். எனக்குக் கட்டுப் போட்டு, சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரோடு நடைவழியில், எக்ஸ்ரே அறைக்கு எதிரே விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. என்னைப் பார்த்துக்கொள்ள மூன்று நாளாகப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு தானாகச் சேரும், அவளுடைய கூலி சேராது. துணை பாலிசியை நம்பித்தான் இருந்தோம்.

மூன்றாம் நாள் காலை இன்சூரன்ஸ் கவுன்ட்டர் அம்மா துணை பாலிசிப் பாரத்தோடு வந்து கட்டில் நம்பர் கேட்டாள். ஸ்ட்ரெச்சருக்கு ஏது நம்பர்? நம்பர் இல்லாவிட்டால் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகவே ஆகாதாம்.

"அப்போ நான் எங்கம்மா படுத்திருக்கேன்?"

"அதைப் பாரத்துல கேக்கலைங்க ஐயா."

கால்கட்டைக் காட்டினேன். அது சிகிச்சை, படுப்பது வேறு என்றாள்.

நான் நாற்பது வருஷமாக வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன். படிப்பு கிடையாது, எண் மட்டும் கை தவறாது. மாப்பிள்ளையிடம் பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்காரி ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுத் தகட்டைப் பிடித்துக்கொள்ள, அதில் வெள்ளை அடித்து, கறுப்பில் 61 என்று எழுதி, சுற்றிலும் மெல்லிசாகக் கரையும் இழுத்தேன்.

பெயின்ட் காயக்கூட இல்லை. மூன்று நாளாக என்னைத் தாண்டித் தாண்டிப் போன நர்ஸ் நின்று காய்ச்சல் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. ஒரு டாக்டர் என்னை "அறுபத்தொண்ணு" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கவுன்ட்டர் அம்மா பாரத்தை வாங்கிக்கொண்டு, இன்றுதான் சேர்ந்ததாக எழுதினாள். முந்தைய இரண்டு நாளும் போயே போய்விட்டன. பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடந்த பித்தப்பைக் கல்லுக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். வீட்டுக்காரி என்னை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போக, மாலைக்குள் அறுபத்தெட்டு வரை எழுதிவிட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நம்பர் போட்ட கட்டில் வரிசையாக இருந்தால் அது நடைவழி இல்லை, வார்டு என்று பெரிய நர்ஸ் சொல்லிவிட்டாள். வார்டுக்குப் பார்வை நேரம் உண்டு. சாயங்காலம் அரை மணி, அவ்வளவுதான். என் வீட்டுக்காரியை நாற்காலியோடு கிளப்பிவிட்டார்கள். மறுநாளே அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நேராக இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். எக்ஸ்ரே அறை நாலு எட்டுத் தூரம். கூட்டிப்போக ஸ்ட்ரெச்சர் இல்லை. இருந்த எட்டு ஸ்ட்ரெச்சரும் கட்டிலாகிவிட்டன. படுத்திருப்பதைத் தள்ளுங்களேன் என்றேன். கட்டிலை வார்டை விட்டு எடுக்கக்கூடாது என்றாள் பெரிய நர்ஸ். ஏழாம் நாள் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரே குஷி.

"முப்பது நாள் வரைக்கும் குடுப்பாங்க மாமா. பேசாம படுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி வந்தாள். நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்ட கால் வீங்கியிருந்தது. நாற்காலி கேட்டதற்கு வார்டில் போடக்கூடாது என்றுவிட்டார்கள். நின்றுகொண்டே எனக்குத் தலை வாரிவிட்டாள். அவள் கூலியை விட்டு உட்கார்ந்திருந்த நாளுக்குக் காசு இல்லை, கூலி வாங்கிக்கொண்டு நிற்கிற நாளுக்குக் காசு வருகிறது. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் நிறையப் படித்தவன்தான்.

பெயின்ட்டோடு வந்திருந்த தின்னரில் துணியை நனைத்துத் தரச் சொல்லி, 61-ஐத் துடைத்தேன்.

சற்று நேரத்தில் வார்டு பையன் அந்தப் பக்கம் வந்தான். நான் மேலே படுத்திருக்க, "ஸ்ட்ரெச்சர் ஒண்ணு காலியா இருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். எக்ஸ்ரேவுக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டான். கையைத் தூக்கினேன். தள்ளிக்கொண்டு போனான். எலும்பு நேராக இருந்தது.

வாசலில் வண்டிக்குக் காத்திருந்தபோது வீட்டுக்காரியிடம் உள்ளதைச் சொன்னேன். நம்பர் போய்விட்டது, இனி நான் படுத்திருந்ததாகவே ஆகாது, ஒரு நாள் காசும் வராது.

"வராட்டி போகட்டும். நீங்க படுத்திருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றவள், வந்து நின்ற வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "உங்க மாப்பிள்ளைகிட்ட அடுத்த தவணையை மட்டும் கட்டாதீங்க."