மூன்று விசிறியா, இரண்டு விசிறியா

…ஆகையால் முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம், ஒரு காற்புள்ளிகூட என் கைச்சரக்கு இல்லை, இருந்தால் இந்த மூக்குக்கண்ணாடி இந்த மூக்கிலேயே இரண்டாகப் பிளக்கட்டும், கண்ணாடிக்காரன் கண்ணாடிமேல் செய்கிற சத்தியத்துக்கு மேல் வேறு சத்தியம் என்ன இருக்கிறது… நான் நிற்பது கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை, மணி காலை பதினொன்றே கால், எதிரே மேசையில் இரண்டு அட்டைப்பெட்டிகள், இரண்டுக்குள்ளும் திரையில் படம் வரைகிற ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டு, ஒன்றுக்கு மூன்று விசிறி, இன்னொன்றுக்கு இரண்டு விசிறி. இந்த வயதில் எனக்கு எதற்கு விளையாட்டுக் கார்டு என்று கடைக்காரன் கேட்கவில்லை, நல்லவன். அவனுக்கு நூல்கண்டு என்று நான் பெயர் வைத்திருக்கிறேன், அவன் கடையில் ஒயர்கள் அப்படிக் கிடக்கும், போன மாதம் அதில் சிக்கிய ஒரு வாடிக்கையாளரை மறுநாள்தான் மீட்டார்கள், நடுவில் அவருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை, இருந்தால் அதைச் சாக்காக வைத்து ஒன்றைத் தள்ளியிருப்பேன், அந்த உதவிகூட இல்லை.

நூல்கண்டு எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் விளக்கினான், விளக்க விளக்கத்தான் எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று விசிறிக்கு நினைவகம் பதினாறு ஜிபி, பெரிய மலையானாலும் முழுசாக ஞாபகம் வைத்திருக்கும், செகண்டுக்கு அறுபது படம் வரும், அறுபதும் அதுவே வரைந்த படம். இரண்டு விசிறிக்கு எட்டு ஜிபிதான், மலை பெரிதானால் பாறையெல்லாம் பிசைந்த களிமண் மாதிரி ஆகிவிடும், ஆனால் செகண்டுக்கு இருநூறு படம். அது எப்படி, சின்னது எப்படி அதிகம் வரையும் என்று கேட்டேன்.

“வரையறது அம்பதுதான் ஐயா. ஒரு படம் வரைஞ்சுட்டு மூணு படத்தை அதுவா யோசிச்சு நடுவுல சொருகிடும். பாக்க வழுவழுன்னு இருக்கும்.”

“அப்ப நாலுல மூணு பொய்யா?”

“பொய்னு சொல்லக்கூடாது. ஊகம்.”

ஊகம்… நல்ல வார்த்தை, இத்தனை வருடம் எனக்குக் கிடைக்காமல் போயிற்றே. என்னை வீட்டில் புளுகுமூட்டை என்கிறார்கள், ஒருவராவது மரியாதையாக ஊகமூட்டை என்று சொல்லியிருக்கலாம். சரி, அதை விடு, இப்போது விஷயம் வாத்தியாரம்மாள், அதாவது என் மனைவி, டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்தபடியே உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவள், அந்தப் பழக்கத்தில் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டேயிருக்கும். ஓய்வு பெற்றபின் அவளுக்கு இருக்கிற ஒரே சொர்க்கம் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு, நிஜ ஸ்டீரிங் மாதிரியே ஒன்றை மேசையில் திருகி வைத்திருக்கிறோம், தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை சரக்கு ஏற்றிக்கொண்டு மலை ஏறுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டிப் பலகைகளைப் படித்துச் சொல்வேன். அந்த மலைதான் விஷயம், அதில் இறங்குகிற மூடுபனிதான் விஷயம். கண் அழுத்தம் அவள் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வந்து இப்போது நடுவில் உள்ளங்கை அகலம் மிச்சம். அந்த உள்ளங்கைக்குள் மலை வழுவழுவென்று வர வேண்டுமா, இல்லை உள்ளது உள்ளபடி, கொஞ்சம் திக்கித் திக்கி வர வேண்டுமா… இதைத்தான் நான் இங்கே நின்று தீர்மானிக்க வேண்டும், தீர்மானித்து எடுத்துக்கொண்டு போனால் அது கடைசிக் கார்டாக இருக்கும், மாற்றிக்கொள்ள அவளுக்கு இன்னொரு கண் ஸ்டாக் இல்லை.

பழைய கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது சூடானால் விசிறி கிளம்பும், கிளம்பினால் எதிர்வீட்டு மாடியில் காய்கிற சட்டைகள் எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும், மடித்தே வரும், நான் இஸ்திரி போடும் வேலையை அதனால்தான் விட்டேன். ஆனால் படம் போதவில்லை. போன வாரம் ஒரு வளைவில் வாத்தியாரம்மாள் சடாரென்று பிரேக்கை மிதித்துவிட்டு, மான் குறுக்கே போச்சு, பாத்தீங்களா என்றாள். நான் பார்க்கவில்லை. அந்த விளையாட்டில் மானே கிடையாது, நான் பிறகு விசாரித்தேன், நாய்கூடக் கிடையாது. கார்டு கிழடாகிவிட்டது, இல்லாததையெல்லாம் வரைகிறது என்று நான் முடிவு கட்டினேன், அன்றே மாற்றியாக வேண்டும் என்று கிளம்பினேன், கிளம்ப ஏழு நாள் ஆயிற்று.

முப்பத்தெட்டு வருடம் நான் செய்த தொழிலே இதுதானே, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் காட்டிக் கேட்பது. இருட்டறையில் நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, இது தெளிவா… மாற்றிப் போட்டு, இது தெளிவா… எத்தனை ஆயிரம் பேர், ஒருவருக்கும் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை, தயங்கினால் உள்ளுக்குள் எரிச்சல் வரும், தன் கண்ணைப் பற்றித் தனக்கே தெரியாத ஆள் என்று. ஒரு போஸ்ட்மாஸ்டருக்கு நான் போட்டுக்கொடுத்த கண்ணாடியில் பவர் ஒரு துளி கூடி, ஒட்டின கவருக்குள் இருக்கிற கடிதமெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்து, படித்துவிட்டு ஆட்களுக்கு ஆறுதல் சொல்லப் போய் வேலை போயிற்று, அப்படிப்பட்ட கை. எங்கள் தொழிலில் ஒரு குறும்பும் உண்டு, ஒரே வில்லையை எடுப்பதுபோல் எடுத்து மறுபடி போடுவோம், இது தெளிவா… நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டாவதுதான் தெளிவு என்பார்கள். ஆளின் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க. கல்யாணமான வாரமே இந்த ரகசியத்தை வாத்தியாரம்மாளுக்குச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

அவள் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது நான் என்ன செய்தேன்… லாரி அகலத்துக்கு வழி கேட்கிறாயா என்று கிண்டல் செய்தேன். அப்புறம் அதே நாற்காலியில் உட்காரவைத்து வில்லை மாற்றினேன், ஒரு தடவை இல்லை, இரண்டு வருடத்தில் நான்கு தடவை. இது தெளிவா, இது தெளிவா… இரண்டாவதுதான் தெளிவு என்பாள், நான்கு தடவையும், ஒரே வில்லையை மறுபடி போட்டபோதும். குறும்பு தெரிந்தவள், ஒரே வில்லை என்று தெரிந்தவள், இருந்தும் இரண்டாவது என்பாள், ஏன், என் முகம் வாடக்கூடாது என்றா, நான் பெரிய கைக்காரன் என்றே இருக்கட்டும் என்றா. கண் அழுத்தம் பார்க்கிற டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் கடைக்கு வருகிற எல்லோரையும், நாற்பது தாண்டியாயிற்று, ஒருமுறை அங்கே போய்க் காட்டிவிடுங்கள் என்று அனுப்புவேன், அவளை அனுப்பவில்லை, வீட்டு ஆள்தானே, நானே பார்த்துக்கொள்கிறேனே… பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர். நோயாளியின் தாடையில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மரப்பு ஏறுவதற்குள் கார்டு வாங்கிப் போக வந்திருக்கிறார், அவர் ராத்திரியானால் விண்வெளியில் ஆட்களைச் சுடுகிறவராம். கடையில் இருப்பதே இந்த இரண்டு பெட்டிகள், நான் விடுகிறதை அவர் எடுத்துக்கொள்வார், எது என்றாலும் சரியாம். எப்படி எது என்றாலும் சரி என்று ஒரு மனுஷியால் சொல்ல முடிகிறது… பல் பிடுங்குகிறவர்களுக்கு அது வந்துவிடும் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் மரப்பு தாங்கும் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் ஐயா, அவசரமில்லாம பாருங்க, ஆனா அவர் வாயைத் திறந்துக்கிட்டே உக்காந்திருக்கார், என்றார்.

எனக்காக நூல்கண்டு இரண்டு கம்ப்யூட்டர்களில் இரண்டு கார்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே லாரி விளையாட்டின் மலைப்பாதையை ஓடவிட்டான். இடது திரை மூன்று விசிறி, வலது திரை இரண்டு விசிறி. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கையைக் குவித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை செய்து, அதன் வழியாக மட்டும் பார்த்தேன், அவள் பார்க்கிற மாதிரி. இடதில் பாறை பாறையாக இருந்தது, ஆனால் வளைவில் ஒரு சின்னத் திக்கல். வலதில் வளைவு வெண்ணெய், ஆனால் வழிகாட்டிப் பலகையின் எழுத்து லேசாக வால் விட்டது, அவள் பலகையைத்தான் முதலில் பார்ப்பாள், முப்பத்தோரு வருடப் பழக்கம். வலதில் மூடுபனி மெல்லியதாக இருந்தது, இடதில் சோப்பு நுரை. இடதில் எதிரே வந்த லாரி நிஜமான கோபத்தோடு வந்தது, வலதில் வந்த லாரிக்காரன் முகத்தில் ஏதோ ஒளிக்கிற பார்வை, ஊகம் பண்ணின முகம் அல்லவா. இதையெல்லாம் நான் உரக்கச் சொன்னேன், பல் டாக்டரும் தலையாட்டினார், ஆமா ஐயா, வலது பக்கம் கொஞ்சம் தெளிவுதான் என்றார். இருபது நிமிடம் பார்த்திருப்போம். கிட்டத்தட்ட வலதுதான் என்று வாயைத் திறக்கப்போனேன், அதற்குள் நூல்கண்டு மேசைக்கடியில் குனிந்தவன் அங்கேயே இருந்துவிட்டான், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

எழுந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. இரண்டு திரைகளின் ஒயரும் ஒரே கம்ப்யூட்டரில் சொருகியிருந்ததாம். இரண்டும் மூன்று விசிறிதானாம். இரண்டு விசிறி இன்னும் ஆன்கூட ஆகவில்லையாம்.

“எனக்கு ரெண்டாவதுதான் தெளிவா தெரிஞ்சுது” என்றார் பல் டாக்டர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

சிரித்திருக்க வேண்டும், நான்தானே சிரிக்க வேண்டியவன், ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த எழுத்து வால் விட்டதை என் கண்ணால் பார்த்தேனே, அந்த லாரிக்காரன் முகத்தைப் பார்த்தேனே… முப்பத்தெட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தானா இருந்தார்கள், இருட்டில், மோவாயை இரும்பில் ஊன்றிக்கொண்டு, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்க வேண்டுமே என்று. நூல்கண்டு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டு மறுபடி பாருங்கள் என்றான். பார்க்க முடியவில்லை, பார்த்தாலும் நான் சொல்லப்போவதை நானே நம்பமாட்டேன். உங்க கம்ப்யூட்டர் கேபினெட்டோட நீளமாவது தெரியுமா ஐயா, மூணு விசிறி முப்பத்திரண்டு சென்டிமீட்டர், உள்ள போகலேன்னா பேச்சே முடிஞ்சுது என்றான். அளந்துதான் வந்திருந்தேன், சரியாக முப்பத்திரண்டு. அளவும் என்னைக் கைவிட்டது.

அப்போதுதான் வாத்தியாரம்மாளுக்குப் போன் செய்தேன், ஓட்டுகிறவள் அவள், அவளே சொல்லட்டும். முதல் மணியிலேயே எடுத்தாள், இன்னும் கடையிலதானா என்றாள். ஒன்று விடாமல் சொன்னேன், பதினாறு, எட்டு, களிமண் பாறை, அறுபது, இருநூறு, ஒயர் கதையை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்று உள்ளதை உள்ளபடி காட்டும், கொஞ்சம் திக்கும், இன்னொன்று நாலில் மூன்று பொய் சொல்லும், ஆனால் வழுவழுவென்று போகும், ரெண்டில் எது வேணும் என்றேன். அந்தப் பக்கம் சோபாவின் ஸ்பிரிங் சத்தம் கேட்டது, கால் மிதிக்கிறது போலிருக்கிறது.

“பொய் சொல்றதையே வாங்கிட்டு வாங்க. அதுகூடத்தானே நாப்பத்திமூணு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்.”

“பலகையில எழுத்து வால் விடுமாம்மா.”

“விட்டா என்ன… நீங்க படிச்சுச் சொல்றப்ப வால் விடலையே.”

வைத்துவிட்டாள். நூல்கண்டு இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எதிர்க் கட்டடத்தில் யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, சும்மா சொன்னாளா… போனில் முகம் தெரிவதில்லை. நான் தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற வளைவு, பலகை, பனி, இதில் எத்தனை அவள் எனக்காக நம்பியது… எத்தனை மணி நேரமாக, எத்தனை மாதமாக, யார் யாருக்கு ஓட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு விசிறி என்று சொல்ல வாயெடுத்தேன், மூன்று என்று வந்தது, திருத்தப் பார்த்தேன், மறுபடி மூன்று என்றே வந்தது, பலகையாவது சரியாக இருக்க வேண்டும், படிக்கிறவனுக்கு.

என் மனைவியின் இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனி வெளிச்சம் எது, இருட்டு எது என்றுகூட இவங்களுக்குத் தெரியாது என்று கண் டாக்டர் என்னிடம் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமையோடு பதினோரு மாதம் ஆகிறது.