ஜோரிக்கு விழுந்த ஓட்டு

தொப்பியைக் கவிழ்த்துக் கொட்டியபோது மேஜையில் விழுந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஜோரி நான்காரோவின் பெயர்தான் இருந்தது. எல்லோரும் ஒன்றாகச் செத்துப் பிழைத்த கப்பல்; வீரப் பதக்கத்தை யாருக்கென்று கொடுப்பது? மிஞ்சியவர்களே ஓட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று அந்தப் பதக்கத்துக்கு ஒரு விதி.

"எந்திரிங்க அம்மணி, ராஜா கூப்புடுறாரு." பீரங்கிக்காரன் ஹோஸ்கன் கட்டுப் போட்ட கையால் ஜோரியின் முதுகில் தட்டினான்.

"எனக்கு எதுக்குடா? நான் பாவாடை கட்டுனவன். வெந்தது நீங்கதான?"

பார்வைக்கு அது நிலக்கரி ஏற்றும் கிழட்டு ஆங்கிலேயக் கப்பல். பொய்ப் பலகைகளுக்குப் பின்னால் பீரங்கிகள். ஜெர்மன் நீர்மூழ்கி சுட ஆரம்பித்ததும் பாதிப் பேர் பயந்து ஓடுவதுபோல் படகில் ஏற வேண்டும். அதில் ஜோரிக்குக் கேப்டன் மனைவி வேஷம். கப்பல் காலியென்று நம்பி நீர்மூழ்கி கிட்டே வரும்வரை மற்றவர்கள் பீரங்கிகளோடு மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடக்க வேண்டும். அன்று தளம் தீப்பற்றியும் யாரும் அசையவில்லை. நீர்மூழ்கியோ பீரங்கி எட்டாத பக்கமே நின்றது. ஜோரி பாவாடை பறக்கப் படகில் எழுந்து நின்று, ஒப்பாரி வைத்துக்கொண்டே, படகைக் கப்பலின் மறுபக்கம் திருப்பச் செய்தான். நீர்மூழ்கி பின்னாலேயே வந்தது. அவன் தலைக்கு மேலாகத்தான் கப்பலின் குண்டுகள் போய் அதைத் தாக்கின.

"இந்த மாதிரிக் கப்பலுங்க இன்னும் கடல்ல நிக்குதுப்பா," என்றார் கேப்டன். "பெத்த தாயே கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

ஜோரிக்குத் தாய் இல்லை. லவ்டே அக்காதான். பிரான்ஸ் சண்டையில் கணவனைப் பறிகொடுத்தவள். போன விடுமுறையில் சீருடை இல்லாமல் வந்து நின்ற தம்பியின் சட்டைப்பையில், கோழைக்குக் கொடுக்கும் வெள்ளை இறகைத் தன் கையாலேயே செருகியவள். வேஷக் கப்பலில் சீருடை கிடையாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பதக்கம் வாங்கிய கையோடு ஃபால்மத் துறைமுகச் சந்துக்குப் போய் அவள் கதவைத் தட்டினான். மீன் செதில் ஒட்டிய கையோடு திறந்தாள்.

"பேப்பர்ல பேரப் பாத்தேன். வேற எவனோ நான்காரோன்னு நெனச்சேன்."

"நான்தான்க்கா."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பதக்கத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

"எதுக்குன்னு ஒரு வரி போடலயே. எதுக்குடா குடுத்தாங்க?"

"சொல்லக் கூடாதுக்கா."

"சொந்த அக்காகிட்டயே சொல்ல முடியாத வீரமா? சரி, இத மட்டும் சொல்லு. குண்டு விழுந்தப்ப நீ என்ன பண்ணுன?"

பொய் சொல்லலாம்தான். அவள் முகத்தைப் பார்த்தபின் அது வாயில் வரவில்லை. சொல்லக்கூடிய உண்மையென்று மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"கத்திக்கிட்டே படகுல ஏறுனேன்."

"மத்தவங்க?"

"கப்பல்லயே கெடந்தாங்க."

அவள் பதக்கத்தை அவன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக ஜோரி நின்றான். விழவில்லை. உள்ளே போகும் காலடியும் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.